பழைய சான்ட்ரோவில் ஸ்டீரியோ தகராறு: செட்டை மாற்றணுமா, வயரைப் பார்க்கணுமா?

கேள்வி: என்னுடையது 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். ஸ்டீரியோ கம்பெனியில் வந்ததில்லை, வெளியே கடையில் போட்ட சிங்கிள் டின் (ஒற்றை உயர அளவு) சிடி செட். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது செட் அணைந்து திரும்ப வருகிறது. சேமித்து வைத்த எஃப்எம் ஸ்டேஷன்கள் அழிந்துபோகின்றன. வலது முன்கதவு ஸ்பீக்கர் ஒரு நேரம் பாடுகிறது, ஒரு நேரம் பாடுவதில்லை. எஃப்எம்மில் ஒரே இரைச்சல். சிடியைப் போட்டால் வெளியே துப்பிவிடுகிறது. கடைக்காரர், "செட் போயிருச்சு சார், ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட்ருங்க" என்கிறார். போடலாமா?

பதில்:

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன கோளாறுகளில் செட்டுக்கு உள்ளே இருப்பது அநேகமாக அந்த சிடி ஒன்றுதான். மற்றதெல்லாம் வயர், எர்த், ஆன்டெனா பக்கம் தேட வேண்டியவை. அதைப் பார்க்காமல் புது ஸ்க்ரீனை மாட்டினால், அதுவும் இதே சேட்டையைத்தான் செய்யும். அப்போது கடைக்காரர், "பேட்டரி வீக் சார்" என்பார்.

அந்தக் காலத்துச் சின்னக் கார்களில் கீழ் வேரியன்ட்டுக்கு ஸ்டீரியோ வராது. வண்டி எடுத்த கையோடு ஏதாவது ஒரு ஆக்சசரீஸ் கடையில் விட்டு, செட், ஸ்பீக்கர், ஆன்டெனா எல்லாம் ஒரே மதியத்தில் மாட்டி வாங்கி வருவோம். அவசர வேலை. வயர் முனையைப் பல்லால் உரித்து, இரண்டையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப். நம்ம ஊர் வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் அந்த டேப்பின் பசை உருகி, சில வருடத்தில் டேப் தானாகவே கழன்றுவிடும். உள்ளே முறுக்கிய செம்பு பச்சை பூத்திருக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் ஸ்டீரியோ தகராறு என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த முடிச்சுகளைத்தான்.

ஸ்டார்ட் செய்யும்போது செட் அணைவது கோளாறே இல்லை. சாவியை ஸ்டார்ட் வரை திருப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு கரண்டும் போகட்டும் என்று இக்னிஷன் சுவிட்சே ஏசிசி லைனை (சாவியின் முதல் திருப்பத்தில் ஸ்டீரியோ போன்றவற்றுக்குக் கரண்ட் தரும் லைன்) துண்டித்துவிடும். கையை விட்டதும் திரும்ப வரும். ஆனால் ஸ்டேஷன்கள் அழிவது கோளாறுதான். செட்டுக்கு இரண்டு பாசிட்டிவ் வயர் வரும். மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும்; கடிகாரம், ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருப்பது அதன் தயவில்தான். சிவப்பு வயர் சாவியோடு வந்து சாவியோடு போக வேண்டும். "இப்போது முழித்துக்கொள்" என்று செட்டுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. கறுப்பு எர்த், அதாவது கரண்ட் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி.

இப்போது ஒரு சோதனை. எஃப்எம்மில் இரண்டு ஸ்டேஷன் சேமித்துவிட்டு, சாவியைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யாமல் ஏசிசி வரை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்டேஷன் அழிந்திருந்தால் மஞ்சளுக்குக் கரண்ட் நிற்காமல் வரவில்லை என்று அர்த்தம். ஒன்று, மஞ்சளையும் சிவப்பையும் யாரோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லை, அந்த லைனின் ஃபியூஸ் போயிருக்கிறது. இல்லை, முடிச்சு விட்டுப்போயிருக்கிறது. ஸ்டேஷன் அப்படியே இருந்து, ஸ்டார்ட் அடித்த பிறகு மட்டும் அழிந்தால் கதை வேறு. ஸ்டார்ட்டர் இழுக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது. பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்கும்; ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டணும். பேட்டரியில் சரியாக இருந்து, செட்டின் மஞ்சள் வயரில் மட்டும் குறைகிறது என்றால் நடுவில் எங்கோ முடிச்சு அழுகியிருக்கிறது.

மீட்டரை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பத்து இழையில் ஒரு இழை மட்டும் மிச்சமிருக்கும் வயரிலும் மீட்டர் அழகாக 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. பழைய எலக்ட்ரீஷியன்கள் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பிடித்து டெஸ்ட் லாம்ப் ஆக வைத்திருப்பது இதனால்தான். 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் அதை வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது. மங்கலாக எரிந்தால் மஞ்சள் பழுதா, எர்த் பழுதா என்று பார்க்கணும். கறுப்புக்குப் பதிலாக டேஷ்போர்டுக்குள் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் பல்பின் ஒரு முனையை வைத்துப் பாருங்கள். அப்போது பளிச்சென்று எரிந்தால் எர்த்தான் குற்றவாளி. செட் சத்தமாகப் பாடும்போது மட்டும் அணைந்து அணைந்து வருவதற்கும் பெரும்பாலும் எர்த்தான் காரணம். பேஸ் அடிக்கும்போது கரண்ட் கூடுதலாக இழுக்கும், அழுகிய எர்த் அதைத் தாங்காது. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க ஸ்பீக்கரில் "ஙீ" என்று சுருதி ஏறினால் அதற்கும் முதல் மருந்து எர்த்தை நல்ல இடத்தில் இறுக்குவதுதான். ஃபில்டர் வாங்கி மாட்டுவது அதற்கு அப்புறம்.

ஃபியூஸைப் பற்றி ஒரு வார்த்தை. பல சின்னக் கார்களில் சிகரெட் லைட்டரும் ஸ்டீரியோவின் ஏசிசியும் ஒரே ஃபியூஸில் போகும். லைட்டர் ஓட்டைக்குள் ஒரு ரூபாய்க் காசு விழுந்தால் ஸ்டீரியோ செத்துவிடும், செட்டில் ஒரு குற்றமும் இருக்காது. செட்டின் முதுகிலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். அதை மறந்துவிட்டு செட்டையே மாற்றியவர்கள் உண்டு. போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் போடுங்கள். திரும்பப் போனால் காரணத்தைத் தேடுங்கள். 30 ஆம்பியர் போட்டு "இப்ப போகாது சார்" என்று சொல்பவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்து வலது ஸ்பீக்கர். செட்டில் பேலன்ஸை (இடது-வலது செட்டிங்) முழுக்க வலது பக்கமும், ஃபேடரை (முன்-பின் செட்டிங்) முழுக்க முன்பக்கமும் தள்ளிவிடுங்கள். இப்போது அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடணும். பாட்டு ஓடும்போதே கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஸ்பீக்கரைக் கழற்றவே வேண்டாம். கதவுக்கும் தூணுக்கும் நடுவில் மடியும் ரப்பர் குழாய்க்குள் வயர் ஒடிந்திருக்கிறது. டிரைவர் கதவுதான் ஒரு நாளில் அதிகம் திறந்து மூடப்படுவது என்பதால் வலது பக்கம் முதலில் போவது சகஜம். வெளியே இன்சுலேஷன் முழுசாக இருக்கும், உள்ளே செம்பு துண்டாகியிருக்கும். விரலால் நெருடிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று மடியும். அங்கேயே வெட்டி ஒட்டினால் ஆறு மாதத்தில் திரும்ப ஒடியும். கதவுக்குள்ளிருந்து டேஷ்போர்டு வரை புது வயர் ஒன்றை முழுசாக இழுத்துவிடுவதுதான் நிரந்தரம்.

கதவை ஆட்டியும் மாற்றம் இல்லை என்றால் செட்டை வெளியே இழுத்து, அந்த ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றி, சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியால் தொட்டுப் பாருங்கள். "டப்" என்று சத்தம் வரணும். பாசிட்டிவை பாசிட்டிவில் தொட்டால் கோன் முன்னால் வரும், மாற்றித் தொட்டால் உள்ளே போகும். மீட்டரில் ஓம்ஸ் பார்த்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரையை ஒட்டிக் காட்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட், ஒன்றுமே காட்டவில்லை என்றால் வயரோ காயிலோ அறுந்திருக்கிறது. கடைசியாக, அந்த இரண்டு வயரில் எதற்கும் கார் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது.

இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை. இன்றைய செட்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் எர்த் கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறையப் பாதி, அதாவது 6 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாட்டு. அதில் ஒன்று எங்காவது உரிந்து கதவுத் தகட்டைத் தொட்டால், உள்ளே சத்தத்தைப் பெருக்கும் சிப்பான ஆம்ப் ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்த சத்தத்தையும் நிறுத்திவிடும். டிஸ்ப்ளே எரியும், ஸ்டேஷன் ஓடும், சத்தம் மட்டும் வராது. சில செட்களில் "ப்ரொடெக்ட்" என்றும் வரும். "டிஸ்ப்ளே வருது, சவுண்ட் வரல, செட் காலி" என்று தீர்ப்பு எழுதப்பட்ட செட்களில் பல, ஸ்பீக்கர் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒரு வெளி ஸ்பீக்கரை நேரடியாகக் கொடுத்தால் பாட ஆரம்பித்துவிடும். உங்கள் செட்டையும் அப்படி ஒரு முறை பாட வைத்துப் பாருங்கள். இன்னும் பழைய, எண்பதுகளின் வண்டிகளில் நான்கு ஸ்பீக்கர் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்து பாடியில் கொடுத்திருப்பார்கள். அந்த வயரிங்கில் புது செட்டை அப்படியே மாட்டினால் பாடாது, ஐசியும் போகலாம்.

ஸ்பீக்கரே போயிருந்தால் ஏன் போனது என்றும் பாருங்கள். கதவு பேடுக்குப் பின்னால் ஒரு பாலிதீன் ஷீட் ஒட்டியிருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் உள்பக்கம் வராமல் கீழே வடிந்து போக வைப்பது அதுதான். பவர் விண்டோ வேலை பார்த்தவர் அதைக் கிழித்து எறிந்திருந்தால் ஒவ்வொரு ஐப்பசியிலும் ஸ்பீக்கர் கோன் ஊறும். காகிதக் கோன் உப்பி, ஓரம் விட்டு, கரகரக்கும். புது ஸ்பீக்கர் போடுவதற்கு முன்னால் கெட்டியான பாலிதீன் வாங்கி ஒட்டிவிடுங்கள்.

எஃப்எம் இரைச்சலுக்கு, முதலில் லைட்டரில் செருகியிருக்கும் மொபைல் சார்ஜரையும் டேஷ் கேமராவையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். மலிவு சார்ஜர்கள் எஃப்எம்மை நாசம் செய்வதில் கெட்டிக்காரர்கள். அதனால் மாற்றம் இல்லையென்றால் செட்டின் பின்னால் ஆன்டெனா பிளக் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஆன்டெனா பிளக்கைக் கழற்றிவிட்டு, 75 சென்டிமீட்டர் நீள வயர் ஒன்றை செட்டின் ஆன்டெனா ஓட்டையின் நடுமுனையில் செருகி, காருக்கு வெளியே தொங்கவிடுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு அந்த 75 சென்டிமீட்டர். சென்னையில் என்றால் ரெயின்போ 101.4 தெளிவாக வந்தாக வேண்டும். வந்தால் செட் நல்லது, ஆன்டெனாவின் அடிப்பாகம் துருப்பிடித்து எர்த் விட்டிருக்கிறது. கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் பெரும்பாலும் போதும். ஆன்டெனாவுக்குள்ளேயே சின்ன பூஸ்டர் இருக்கும் வகையென்றால், செட்டின் நீல வயரிலிருந்து அதற்கு 12 வோல்ட் கொடுக்க மறந்திருப்பார்கள்.

யாழ்ப்பாணம், கொழும்பு பக்கமிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனத்தில் பழைய செட் சில ஸ்டேஷன்களை மட்டும் பிடிக்கிறதென்றால் அது கோளாறு இல்லை. பழைய ஜப்பான் செட்களின் எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். 88 முதல் 108 வரை உள்ள நம் ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை அதற்கு எட்டாது. ஸ்டேஷன்களின் அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும் பேண்ட் எக்ஸ்பேண்டர் போடலாம், ஆனால் அதுவும் ஒரு பகுதியை மட்டும்தான் இறக்கிக் கொடுக்கும். அங்கே செட்டை மாற்றுவதுதான் சரி. டொயோட்டாவில் டேஷ்போர்டு ஓட்டை 200 மில்லிமீட்டர் அகலமாக இருக்கும், சாதாரண டபுள் டின் (இரட்டை உயர அளவு) செட் 180 தான். இருபக்கமும் வைக்கும் பட்டைகளைக் கேட்டு வாங்குங்கள்.

சிடிக்கு வருவோம். லேசர் லென்ஸில் தூசி என்றால் துடைக்கலாம். லேசரே தளர்ந்துவிட்டால் பாகம் கிடைத்தாலும் கூலிக்குக் கட்டுப்படியாகாது. செட்டில் ஆக்ஸ் ஓட்டை (வெளிச் சாதனத்தின் பாட்டை உள்ளே கொடுக்கும் இடம்) இருந்தால் சிடியை மறந்துவிட்டு ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் செருகிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ரிசீவரை லைட்டர் சார்ஜரிலேயே போட்டால் சில வண்டிகளில் இரைச்சல் வரும். நடுவில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வைத்தால் அடங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும், வெளி ஸ்பீக்கரை நேரடியாகக் கொடுத்தும் சத்தமே வரவில்லை என்றால் ஆம்ப் ஐசி போயிருக்கிறது. நிறைய செட்களில் டிடிஏ7388 அல்லது அதன் சொந்தக்கார ஐசி இருக்கும், 25 கால். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கிடைக்கும், மாற்றவும் ஆள் இருக்கிறார்கள். பழைய நல்ல ஜப்பான் செட்டாக இருந்தால் மாற்றுவது தகும். பெயர் தெரியாத செட்டுக்கு அந்தக் கூலியைக் கொடுப்பதற்குப் புதிதே வாங்கிவிடலாம்.

புதிது என்றால் என் கட்சி சிங்கிள் டின், மெக்லெஸ் செட். சிடி பொறி இல்லாததால் ஆழம் குறைவு, பின்னால் வயருக்கு இடம் தாராளமாக இருக்கும், சூடும் குறைவு. ப்ளூடூத், யூஎஸ்பி, எஃப்எம், போன் பேச மைக். இதற்கு மேல் ஒரு சான்ட்ரோவுக்கு என்ன வேண்டும்? ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்று வீட்டில் சொன்னால் மட்டும் ஸ்க்ரீனைப் பற்றி யோசியுங்கள், அதிலும் பெயருள்ள கம்பெனியாகப் பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன்களில் ரேம், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று திரையில் காட்டும் எண்களையே மாற்றி எழுதி விற்பது ஊரறிந்த விஷயம். எஃப்எம் பிடிப்பும் பெரும்பாலும் சுமார்தான். வண்டியை நாள்கணக்கில் நிறுத்திவைப்பவர் என்றால், தூங்கும்போதும் அது இழுக்கும் கரண்டை உங்கள் சின்ன பேட்டரி தாங்குமா என்றும் பாருங்கள். சாவி எடுத்து எல்லாம் அடங்கிய பிறகு வண்டி மொத்தமாக 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்கணும்.

பெட்டியில் "50 வாட் x 4" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ், வோல்டேஜ் 14.4, பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் 200 எப்படி வெளியே வரும்? ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட்) என்று எழுதியிருக்கும் எண்ணைத் தேடுங்கள், ஒரு சேனலுக்கு 15 முதல் 22 வாட் அளவில் இருக்கும். காருக்குள் கேட்க அதுவே தாராளம்.

மாட்டும்போது முதல் வேலை, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. சிலருக்கு இதிலும் ஒரு பொறி உண்டு: போக்ஸ்வாகன், ஹோண்டா போன்றவற்றின் கம்பெனி செட்கள் பேட்டரி கழன்றால் ரகசிய எண் கேட்கும், திரையில் "சேஃப்" அல்லது "கோட்" என்று நிற்கும். கையேட்டோடு வந்த அட்டையில் எண் இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளரோடு (வயர்களை இணைக்கும் பிளக்) போகும் வயர்களை டெஸ்ட் லாம்பால் தொடவே கூடாது.

உங்கள் பழைய செட் இருபக்கமும் இரண்டு தகட்டுச் சாவி செருகினால் வெளியே வரும். தொலைந்திருந்தால் கடையில் அதே கம்பெனியின் சாவி கேளுங்கள், இல்லாவிட்டால் ஒடிந்த ஹாக்ஸா பிளேடு இரண்டு போதும். வெளியே வந்ததும் எதையும் கழற்றாமல் முதலில் போனில் நாலு படம் எடுங்கள். காரின் கப்ளரை வெட்டாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் டு கப்ளர் வயரிங் சென்னை ஜி.பி. ரோட்டு ஆக்சசரீஸ் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். யாராவது ஏற்கெனவே வெட்டியிருந்தால், செட்டோடு வரும் வயர்களின் நிறத்தைப் பார்த்துச் சேருங்கள்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா, கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். செட் பக்கம் இந்த நிறங்களை நம்பலாம். கார் பக்கத்து நிறங்களை நம்பவே கூடாது, பென்சில் பேட்டரியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எந்த ஸ்பீக்கர் "டப்" என்கிறது என்று பார்த்து டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிளஸ் மைனஸ் ஒரு பக்கம் மாறிப்போனால் பாட்டு வரும், பேஸ் மட்டும் காணாமல் போகும்.

சேர்ப்புகளை முறுக்கி டேப் சுற்றச் சம்மதிக்காதீர்கள். ஈயம் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள், அல்லது நல்ல பிளையரால் க்ரிம்ப் செய்த இணைப்பு. கடையில், "எல்லாரும் டேப்தான் சார்" என்பார்கள். கூடுதலாக நூறு இருநூறு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். எர்த்தை ஸ்டீரியோ ஃப்ரேமின் ஆட்டம் கண்ட திருகில் கொடுக்காமல், பெயின்ட் சுரண்டிய இடத்தில் ரிங் டெர்மினல் போட்டு பாடியில் இறுக்க வேண்டும். வேண்டாத நீல வயர், ஆரஞ்சு வயர் முனைகளைத் தனித்தனியாக மூடுங்கள். நீல வயரில் 12 வோல்ட் வரும். எங்காவது தொட்டால் அன்றைக்கே செட்டுக்குச் சங்கு.

செட்டை உள்ளே தள்ளுவதற்கு முன்னால், அது வெளியே தொங்கும்போதே எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்: நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக, எஃப்எம், ஸ்டேஷன் சேமித்துச் சாவி எடுத்து ஒரு முறை, ஸ்டார்ட் அடித்து ஒரு முறை, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு ஒரு முறை. கடையில் செய்தால் நீங்களே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். ஃப்ரேமைப் போட்டு மூடிய பிறகு சொன்னால் அவர் திரும்பக் கழற்றுவதற்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.